கதிரைக் கொல்லச் சொன்ன வாரம்

காதல் கதை எழுத வந்திருக்கும் உங்களுக்கு முதலில் என் அனுதாபங்கள். இந்தத் தொழிலில் உங்களை யாரும் பெரிதாக மதிக்க மாட்டார்கள். ஆனால் எல்லாரும் தலையணைக்கு அடியில் வைத்துப் படிப்பார்கள். பத்திரிகை அலுவலகத்துக்குப் போனால் உங்களுக்குக் காபி வரும். அரசியல் கட்டுரை எழுதுகிறவருக்குக் காபியோடு வடையும் வரும். போகப் போகப் பழகிவிடும்.

நான் எழுதுவதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. கை நடுங்குகிறது, கண் மங்கிவிட்டது, பகல்கனவு மட்டும் குறையவில்லை. உங்களில் சிலர் போன வாரம் வீட்டுக்கு வந்து, இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வரும் என்று கேட்டீர்கள். பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேச்சை மாற்றிவிட்டேன். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்ல ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஒரு மழைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். காலைச் சங்கு ஊதியதும் ஆண்கள் எல்லாரும் சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். அதன் பிறகு குடியிருப்பு முழுக்க ஒரு மயக்கம் கவிழும். வெயில், வேப்பம்பூ வாசனை, யார் வீட்டிலோ தாழ்ந்த குரலில் வானொலி. எனக்குக் கதை வருவது அந்த நேரத்தில்தான். எங்கள் வீட்டில் சோறு குழைந்துபோவதும் அந்த நேரத்தில்தான்.

கல்லூரியில் படித்த கொஞ்ச நாளில் பழைய அகப்பாடல்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. மலை என்றால் சேர்வது, காடு என்றால் காத்திருப்பது, வயல் என்றால் ஊடுவது, கடற்கரை என்றால் ஏங்குவது, பாலை என்றால் பிரிவது. அந்த ஐந்து நிலங்களையும் நான் எங்கள் பக்கத்து ஊர்களின் மேல் விரித்துப் போட்டுக்கொண்டேன். பூந்தமல்லிப் பூச்சந்தை முல்லை. ஏரிக்கரை மருதம். அம்பத்தூர் எஸ்டேட்டின் மத்தியான வெயில் சந்தேகமே இல்லாமல் பாலை. குறிஞ்சிக்கு மலை கிடைக்காமல் திண்டாடியபோது, "பறங்கிமலைய வச்சுக்க, பஸ் வசதியும் இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். முகப்பேரில் புதிதாக எழும்பிய ஹவுசிங் போர்டு ஃப்ளாட்டுகள் எந்தத் திணை என்பது மட்டும் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

வேலை முடிந்த மத்தியானங்களில் மின்சார ரயில் பிடித்து வேப்பம்பட்டுக்குப் போவேன். அங்கே பிளாட்பாரக் கடைசியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. எதிரே வயல், அதற்கப்பால் பனைமரங்கள், மேலே எந்த அவசரமும் இல்லாத மேகங்கள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் என் பாத்திரங்கள் வரப்பு மேல் நடந்து வருவார்கள். பலமுறை வீட்டுக்குத் திரும்பும் ரயிலைத் தவற விட்டிருக்கிறேன். கண்ணெதிரே வந்து நின்று கிளம்பிப் போகும், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அகப்பாடல்களிலிருந்து ஒரு சட்டத்தையும் எடுத்துக்கொண்டேன். அவற்றில் காதலிப்பவர்களின் பெயர் வராது. யார் வீட்டு விஷயத்தை எடுத்தாலும் பெயரை விட்டுவிட்டு எடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால் ஸ்டெல்லா என்பது நான் வைத்த பெயர். அவள் வீட்டுக்காரருக்கு இந்த வயதிலும் நான் பெயர் வைக்கப் போவதில்லை.

ஸ்டெல்லா எங்கள் குடியிருப்பு மதிலுக்கு அந்தப் பக்கத் தெருவில் இருந்த தையல்காரி. மதிலில் ஒரு உடைப்பு இருந்தது. அதன் வழியாகத்தான் ஊரே போய் வரும். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே அவள் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்த லேத் வேலையை விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் வளைகுடாவிலிருந்து கடிதத்தைவிடக் கேசட்தான் அதிகம் வரும். லீவில் வருகிறவர் யாராவது கொண்டுவந்து தருவார்கள். ஸ்டெல்லா வீட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது. கேசட் வந்ததும் மதில் உடைப்பைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு ஓடி வருவாள். நான் எழுந்து உள்ளே போனாலும் விடமாட்டாள். "நீயும் கேளுக்கா, இதுல இன்னா கீது" என்பாள்.

அவர் பேச்சில் உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. வெயில் அதிகம், சாப்பாடு பரவாயில்லை, மாமாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று போகும். பிறகு "அப்புறம்" என்பார். அதற்குப் பின் நீண்ட மௌனம். பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். மறுபடி, "அப்புறம் இன்னா, ஒண்ணுமில்ல" என்பார். அந்த மௌனத்தில் ஸ்டெல்லா சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். அதுவரை நான் எழுதிய காதல் வசனங்கள் அத்தனையும் எனக்கு வெட்கமாகிவிட்டன.

அவரைப் போல ஒருவரை வைத்துத் தொடர்கதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"எழுதிக்கோ. பேரு போடாத. மீசைய மட்டும் கொஞ்சம் பெருசா எழுதுக்கா, அவருக்கு ஆசை."

இப்படித்தான் கதிர் பிறந்தான். அவன் பொருள் தேடிப் பாலைவனத்துக்குப் போகிறான். மழைக்காலம் தொடங்குவதற்குள் வந்துவிடுகிறேன் என்று காதலி நித்திலாவிடம் சொல்லிவிட்டுப் போகிறான். நித்திலா வேப்பம்பட்டில் காத்திருக்கிறாள். பழைய பாடல்களில் வருகிற அதே பிரிவு. பாலைக்கு மட்டும் விசா வேண்டியிருந்தது.

தொடர் ஒரு வார இதழில் வந்தது. வாரா வாரம் அத்தியாயத்தை நானே கொண்டுபோய்ப் பட்டணத்து அலுவலகத்தில் கொடுப்பேன். கொடுத்த இரண்டாவது வாரம் அது அச்சில் வரும். ஆவடி ஸ்டேஷன் கடையில் இதழ் தொங்கியதும் ஸ்டெல்லா வாங்கிவிடுவாள். நித்திலாவுக்கு அவள் ஒரு பாவாடைகூடத் தைத்துக் கொடுத்திருப்பாள், அளவு மட்டும் கிடைத்திருந்தால்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை வானொலிச் செய்தியில் குவைத்துக்குள் படை புகுந்துவிட்டது என்றார்கள். ஸ்டெல்லா அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்து எங்கள் வாசலில் நின்றாள். நான் டேப் ரெக்கார்டரைத் துணி போட்டு மூடி வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து கேசட்டும் இல்லை, தகவலும் இல்லை. பிழைத்தவர்கள் பாலைவனத்தைக் கடந்து பக்கத்து நாட்டுக்குப் போகிறார்கள், அங்கிருந்து விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவருகிறார்கள் என்று மட்டும் செய்தி வந்துகொண்டிருந்தது.

ஆவணியில் மாலை மழை ஆரம்பித்தது. கதையிலும் ஆரம்பித்தது, ஏனென்றால் நான் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தேன். மழை வந்துவிட்டது, கதிர் வரவில்லை. இதழின் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், வாசகரின் நாடி தெரிந்தவர்.

"ஊரெல்லாம் இதே பேச்சாத்தான் இருக்கும்மா. உங்க கதை தானா வந்து இதுல மாட்டிக்கிச்சு. கதிரை முடிச்சுடுங்க."

"முடிக்கிறதுன்னா?"

"பாலைவனத்துலயே போயிடட்டும். தண்ணி இல்லாம. அவன் சாகுற நேரத்துல இங்க மழை கொட்டணும். வாசகி அழணும்மா. அழுதாத்தான் நம்மள மறக்க மாட்டா."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்ன காட்சி அழகாக இருந்ததுதான் காரணம். அங்கே தாகம், இங்கே மழை. எழுதுகிற எவருக்கும் கை பரபரக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் ஸ்டெல்லா காத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வேலையின் கணக்கு அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நீ ரெண்டு வாரம் முன்னாடி கீறியேக்கா. அங்க கதிர் வந்துட்டானா?"

"இன்னும் எழுதல ஸ்டெல்லா."

"எழுதலயா, சொல்லமாட்டியா?"

முந்தைய அத்தியாயம் ஒன்றில் விரிச்சி கேட்கும் பழைய வழக்கத்தை நான் நித்திலாவுக்குக் கொடுத்திருந்தேன். தூரம் போனவன் திரும்புவானா என்று தெரியாதபோது, வீட்டுப் பெண்கள் நெல்லும் பூவும் எடுத்துக்கொண்டு ஊர் எல்லையில் போய் நிற்பார்கள். அந்தப் பக்கம் போகிற யாரோ தங்கள் வேலையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் ஒரு வார்த்தை காதில் விழும். நல்ல வார்த்தையாக விழுந்தால் போனவன் வருவான் என்று நம்பி வீடு திரும்புவார்கள். நித்திலாவை வேப்பம்பட்டு ஸ்டேஷனில் நிற்கவைத்து, அதை ஏதோ மேகத்தில் மிதப்பவள் போல எழுதியிருந்தேன். இப்போது ஸ்டெல்லா என் முன்னால் நின்றுகொண்டு என் வாயைப் பார்க்கிறாள்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். விரிச்சி சொல்கிறவருக்கு, தன்னை ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது தெரியக் கூடாது. தெரிந்து சொன்னால் அது வெறும் ஆறுதல். எனக்குத் தெரிந்துவிட்டது. கதிரை வரவழைத்தால் ஸ்டெல்லாவுக்குப் பொய் நம்பிக்கை கொடுத்தவளாவேன். கொன்றால், அதைச் சொல்லவே வேண்டாம். ஒரு கதாசிரியைக்கு இதைவிடப் பெரிய சங்கடம் வேறு இருக்க முடியாது என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதனால் ஒன்றும் நடக்காத அத்தியாயங்களாக எழுத ஆரம்பித்தேன். நித்திலா துணி காயப்போடுகிறாள், மழை வருகிறது, துணியை எடுக்கிறாள். அடுத்த வாரம் பூ தொடுக்கிறாள், மழை வருகிறது. பழைய பாடல்களில் காத்திருப்பதே ஒரு ஒழுக்கம். எனக்கு அது வசதியாகப் போயிற்று. மழையைப் பற்றி அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னும் எழுதவில்லை, பின்னும் எழுதவில்லை. ஸ்டெல்லா இதழைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"வருவான்னு எழுது, இல்லாட்டி வரமாட்டான்னு எழுது. இன்னாத்துக்கு சும்மா மழ பெய்யுது, மழ பெய்யுதுன்னு எழுதிகினு கீற? எனக்குத் தெரியாதா மழ பெய்யறது, என் ஊட்டுலயே ஒழுவுது."

அந்த விமர்சனத்துக்கு நிகராக எந்த அறிஞரும் என்னைப் பற்றி எழுதியதில்லை. ஆசிரியருக்கும் பொறுமை போய்விட்டது. "வர்ற வாரம் கதிரை முடிச்சுக் கொண்டாங்க. இல்லேன்னா உதவி ஆசிரியரை விட்டு நானே முடிச்சுக்கறேன்" என்றார். அப்படிச் செய்கிறவர்தான், முன்பு ஒரு தொடருக்குச் செய்தும் இருக்கிறார்.

வேறொருவர் கையால் கதிர் சாவதைவிட என் கையால் சாகட்டும் என்று முடிவு செய்தேன். கதை வேறு, வாழ்க்கை வேறு என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வேப்பம்பட்டுப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்த மரணம் முழுசாக வந்தது. கதிர் மணலில் சாய்ந்து கண்ணை மூடுகிறான், "அப்புறம்" என்கிறான், அவ்வளவுதான். நான் எழுதியதிலேயே அழகான பக்கங்கள் அவை. எழுதி முடித்து நானே அழுதேன். வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஸ்டெல்லாகிட்ட யார் குடுக்குறது, நானா நீயா?" என்று கேட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை அந்தப் பக்கங்களைப் பையில் வைத்துக்கொண்டு ஆவடி ஸ்டேஷனுக்குப் போனேன். வானம் மூடியிருந்தது. பிளாட்பாரத்தில் ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். பம்பாயிலிருந்து வரும் ரயில் ஆவடி வழியாகத்தான் போகும், நிற்காது. அதைப் பார்க்கத் தினமும் வருகிறாளாம். எனக்கு அதுவரை தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள் கரைந்து ஓடின. ஒரு முகத்தையும் பிடிக்க முடியவில்லை. கடைசிப் பெட்டி போன பிறகும் தண்டவாளம் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கலக்கமே இல்லை.

"இன்னிக்கு ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட சொன்னார்க்கா, 'வந்துடும், எங்க பூடப்போவுது'ன்னு. எலக்ட்ரிக் ட்ரெயினைத்தான் சொன்னார். இருந்தாலும் நல்ல வார்த்தைதானே."

"நல்ல வார்த்தைதான்."

"நீ பண்ணி வச்ச பழக்கம் இது." சிரித்தாள். பிறகு என் பையைப் பார்த்தாள். "கதிர் அதுலதான் கீறானா?"

பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அக்கா, எனக்காக ஒண்ணும் எழுதாத. உனக்கு இன்னா தெரியும், பாவம். நீ எழுதி அவுரு வரப்போறது இல்ல. நான் மாதா கோயில்லயும் சொல்லிட்டேன், இங்கயும் வந்து நின்னுகினு கீறேன். ஆனா நித்திலா இன்னா பண்ணா? என் ஆளு யார் கையில கீறார்னே எனக்குத் தெரியல. அவ ஆளு உன் கையிலதானே கீறான். அவளுதாவது வரட்டுமே."

சென்ட்ரலுக்குப் போகும் வண்டி வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கதிர் செத்த பக்கங்களைப் பையிலேயே விட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். அம்பத்தூரில் கூட்டம் ஏறியது, வில்லிவாக்கத்தில் மழை ஏறியது. முழங்கால் மேல் வைத்து எழுதினேன். அவளுக்குப் பொய் சொல்கிறோம் என்ற பயம் அப்போது இல்லை. அவளே அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டாள். சென்ட்ரலில் வண்டி நின்றபோது கதிர் வேப்பம்பட்டில் இறங்கியிருந்தான். மழையோ மழை. நித்திலா வரப்பில் ஓடி வருகிறாள், மின்னல் வெட்டுகிறது, நான் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

ஆசிரியர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கொல்லச் சொன்னா கூட்டிட்டு வந்துட்டீங்க" என்றார். அச்சுக்கு நேரமாகிவிட்டதால் போட்டார். அடுத்த தொடரை வேறொருவருக்குக் கொடுத்தார். அந்த எழுத்தாளர் மூன்றாவது வாரத்திலேயே கதாநாயகனை முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்குத் திரும்ப அழைப்பு வர நாளாயிற்று, வருத்தமாகத்தான் இருந்தது. கதை சுபமாக முடிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பின்னாளில் நான் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறேன், தூக்கமும் நன்றாக வந்தது. ஆனால் கொல்வதற்கு முன்னால், கேட்கிறவள் யார், எதற்காகக் கேட்கிறாள் என்று ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அந்த அத்தியாயத்தைக் கொடுத்ததற்கு அடுத்த வாரம். ஸ்டெல்லா எங்கள் வீட்டு முன்னறையில் எனக்கு ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். மழை இல்லை, மின்னல் இல்லை, சுள்ளென்று வெயில். மதில் உடைப்பு வழியாக ஒருவர் வந்தார். கையில் ஒரு துணிப்பை, காலில் இரண்டு வெவ்வேறு செருப்பு. மீசை நான் எழுதியதில் பாதிகூட இல்லை. வாசலில் நின்றார். ஸ்டெல்லா டேப்பைக் கீழே போட்டுவிட்டு அவர் எதிரில் போய் நின்றாள். அழவில்லை, கூப்பிடவில்லை, தொடவுமில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். வெகுநேரம் கழித்து, "சாப்டியா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினார். இரண்டு பேரும் மதில் பக்கம் நடந்து போனார்கள். நான் பாதி அளவோடு அப்படியே நின்றேன்.

கதிர் திரும்பி வந்த அத்தியாயம் அதற்குப் பிறகுதான் அச்சில் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து திரும்பும்போது அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா தையல் மெஷின் மேல் இதழை விரித்து வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாருங்கக்கா இவள. நான் உசுரோட வந்து நின்னேன், ஒரு சொட்டு அழல. எவனோ கதிராம், அவன் வந்ததுக்கு இந்த அழுவை அழுவுறா."

ஸ்டெல்லா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"நீ வந்தப்போ எப்டி அழறது? கண்ணுல தண்ணி வந்தா உன் மூஞ்சி தெரியாம பூடும் இல்ல" என்றாள்.